ஆற்றுக்குருடு ஊருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு

என் அக்காள் மகளுக்கும் அவளுடன் படித்த இரண்டு பெண்களுக்கும் தான்சானியாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. மூவரும் பெங்களூரில் நர்சிங் முடித்தவர்கள். போன ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "சித்தி, நீங்கள் அங்கே ஒன்பது வருடம் இருந்தீர்கள். ஆற்றுக்குருடு மாத்திரை கொடுக்கும் வேலையை எப்படிச் செய்வதென்று எழுதிக் கொடுங்கள்" என்றாள் அவள். எழுத உட்கார்ந்த பிறகு, இதே வேலைக்குப் போகும் மற்றவர்களுக்கும் பயன்படட்டுமே என்று தோன்றியது. அதனால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன். ஆற்றுக்குருடு என்பது ஆற்றோர ஈ கடிப்பதால் வந்து, கண்ணையே குருடாக்கிவிடும் ஒரு புழு நோய்.

நான் 2003 முதல் 2012 வரை மஹெங்கே மலைப்பகுதியில் இருந்தேன். தார் எஸ் சலாமிலிருந்து மொரோகோரோ, மிக்குமி, இஃபகாரா என்று பஸ்ஸில் போய், கிலோம்பெரோ ஆற்றைப் பெரிய மிதவைப் படகில் கடந்து, பிறகு மலையேற வேண்டும். இப்போது அந்த ஆற்றுக்குப் பாலம் வந்துவிட்டது. மலையில் எங்கே திரும்பினாலும் ஓடை விழும் சத்தம் கேட்கும். நம் கண்ணுக்கு அழகாகத் தெரியும் அந்தத் தண்ணீரிலிருந்துதான் நோய் தொடங்குகிறது.

முதலில் நோய்

நோயைப் பரப்புவது சிமுலியம் என்னும் சிறிய கருப்பு ஈ. நம் கொசுவைப் போலத் தேங்கிய நீரில் அது முட்டையிடாது. பாறையில் மோதி நுரைத்து ஓடும் நீர்தான் அதற்கு வேண்டும். அதன் இளம் பருவம் கல்லிலும் நீரில் கிடக்கும் இலையிலும் ஒட்டிக்கொண்டு வளரும். ஆகவே தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள், சாக்கடையை மூடுங்கள் என்று டெங்குவுக்கு இங்கே நாம் சொல்லும் அறிவுரை எதுவும் அங்கே செல்லாது. ஈ பகலில் கடிப்பதால் கொசுவலையும் உதவாது.

ஈயின் கடி வழியாக உடம்புக்குள் போகும் புழு ஆங்கோசெர்கா. தாய்ப்புழு தோலுக்கடியில், பெரும்பாலும் இடுப்பெலும்பு, விலா, மண்டை ஓடு ஆகியவற்றின் மேல், கொட்டைப்பாக்கு போன்ற ஒரு முடிச்சுக்குள் சுருண்டு கிடக்கும். பத்து முதல் பதினைந்து வருடம் உயிரோடு இருக்கும். அது ஓயாமல் ஈனும் நுண்குஞ்சுகள் தோல் முழுவதும் ஊர்ந்து திரியும். சில கண்ணுக்குள்ளும் போய்விடும். அங்கே அவை சாகும்போது ஏற்படும் அழற்சியால் கருவிழி சிறிது சிறிதாக வெளுத்து மூடுகிறது.

கண்ணைவிட அரிப்பைப் பற்றித்தான் ஜனங்கள் உங்களிடம் முதலில் பேசுவார்கள். வெறும் நகம் போதாமல் ஓட்டுச்சில்லாலும் கல்லாலும் சொறிந்து முழங்கால் முதல் பாதம் வரை புண்ணாக்கிக்கொண்டவர்களைப் பார்ப்பீர்கள். வயதானவர்களின் கெண்டைக்கால் முன்புறம் நிறம் போய்ச் சிறுத்தைத் தோல் போலத் திட்டுத்திட்டாக இருக்கும். இரவெல்லாம் சொறிந்த குழந்தை பள்ளிக்கூடத்தில் தூங்கி விழும். சுவாஹிலியில் இந்த நோயை 'உசுபி' என்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள்.

மாத்திரையின் பெயர் ஐவர்மெக்டின். இந்த வேலை முழுவதும் ஓர் உண்மையின் மேல் நிற்கிறது: மாத்திரை குஞ்சுகளைத்தான் கொல்லும், தாய்ப்புழுவைக் கொல்லாது. தாய்ப்புழு சில மாதம் ஈனுவதை நிறுத்தி வைக்கும், பிறகு மறுபடி தொடங்கிவிடும். அது கிழடாகிச் சாகும்வரை வருடம் ஒரு முறை, சில இடங்களில் இரண்டு முறை, மாத்திரை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து வருட வேலை இது. நீங்கள் இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறீர்கள். உங்களுக்கு முன்பு ஒருவர் செய்ததைத் தொடர்ந்து, உங்களுக்குப் பின்பு வருகிறவரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்பதை முதல் நாளே மனத்தில் வையுங்கள்.

இந்தப் புழுவுக்கு மனிதனைத் தவிர வேறு புகலிடம் இல்லை. ஆட்டிலும் மாட்டிலும் ஒளிந்திருந்து திரும்பி வராது. ஊரில் உள்ளவர்களின் தோலில் குஞ்சு இல்லாமல் போனால், ஈ கடித்தாலும் அது எடுத்துப்போக ஒன்றும் இருக்காது. ஒழிக்க முடியும் என்று நான் நம்புவது அதனால்தான்.

பையில் எடுத்துப்போகக் கூடாத மாத்திரை

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். நம் ஊரில் ஃபைலேரியா என்றால் யானைக்கால். அதற்கு நமக்குத் தெரிந்த மருந்து டி.இ.சி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த யெல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் 1940களில் உருவான மருந்து அது. கலபுரகிப் பக்கம் வீடு வீடாகப் போய் அதைக் கொடுத்த நர்சுகள் பெங்களூரில் பலர் உண்டு. நானும் அந்தப் பழக்கத்தில், ஆற்றுக்குருடும் ஒருவகை ஃபைலேரியாதானே என்று, ஒரு டப்பா டி.இ.சி.யைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போயிருந்தேன். அங்கிருந்த மூத்த டாக்டர் அதைப் பார்த்ததும் வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்.

ஆற்றுக்குருடு இருக்கும் உடம்பில் டி.இ.சி. போனால் குஞ்சுகள் ஒரே நேரத்தில் கூட்டமாகச் சாகும். கடும் அரிப்பு, காய்ச்சல், இரத்த அழுத்தம் சரிவது, கண்ணுக்குள் அழற்சி என்று வரும். மசோட்டி எதிர்வினை என்று அதற்குப் பெயர். இருக்கிற பார்வையும் போய்விடலாம். அதனால்தான் இந்த நோய் உள்ள நாடுகளில் யானைக்காலுக்குக்கூட டி.இ.சி. கொடுப்பதில்லை, ஐவர்மெக்டினும் அல்பெண்டசோலும் கொடுக்கிறார்கள். நீங்கள் சில வருடம் அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பிய பிறகு யாராவது உங்களுக்கே யானைக்கால் தடுப்பு மாத்திரை நீட்டினால், ஆற்றுக்குருடு பகுதியில் வாழ்ந்ததை அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் கைநீட்ட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை, தான்சானியா அல்லாமல் கேமரூன், காங்கோ பக்கம் போகிறவர்களுக்கு. அங்கே லோவா லோவா என்று வேறொரு கண்புழு இருக்கிறது. இரத்தத்தில் அது மிக அதிகமாக உள்ளவருக்கு ஐவர்மெக்டினே மூளையைப் பாதித்துக் கோமாவில் கொண்டுபோய்விடும். அந்தப் பகுதிகளுக்கு வழிமுறை வேறு. இரத்தம் பார்க்காமல் கொடுக்கக் கூடாத ஊர்கள் உண்டு. நான் கீழே எழுதுவதை அங்கே அப்படியே செய்ய வேண்டாம்.

கம்பு

கிராமத்தில் எடை பார்க்கும் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு அலைய முடியாது. மேடுபள்ளத்தில் வைத்தால் அது பொய் சொல்லும். அதனால் எடைக்குப் பதில் உயரத்தை அளந்து மாத்திரையின் எண்ணிக்கையை முடிவு செய்கிறோம். அதற்கு வேண்டியது ஒரே ஒரு கம்பு.

இங்கேயே செய்து பழகுங்கள். சிவாஜிநகரை அடுத்த மூங்கில் பஜாரில் நேராக உள்ள ஒரு கழியை ஆறரை அடிக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். அடிப்பாகம் தட்டையாக அறுத்திருக்க வேண்டும். தரையிலிருந்து 90, 120, 141, 159 செ.மீ. என நான்கு இடத்தில் கோடு போடுங்கள். தையல்காரர் நாடா 150 செ.மீ.தான் இருக்கும். நான்காவது கோட்டுக்கு 150இல் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து மறுபடி ஒன்பது அளக்க வேண்டும். நாடாவின் மறுபக்கம் அங்குலம் இருக்கிறது, பக்கம் மாறிவிடாமல் பாருங்கள். கோடுகளுக்கு நடுவே உள்ள பகுதிகளுக்கு வெவ்வேறு நிறம் பூசுங்கள். படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

தலை 90ஐத் தொடாத குழந்தைக்கு மாத்திரை இல்லை. 90 முதல் 119 வரை ஒன்று. 120 முதல் 140 வரை இரண்டு. 141 முதல் 158 வரை மூன்று. 159உம் அதற்கு மேலும் நான்கு. ஒவ்வொரு மாத்திரையும் 3 மி.கி. உயரத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் உண்டு: கர்ப்பமா, பிரசவமாகி ஒரு வாரம் ஆகிவிட்டதா, எழுந்து நடமாட முடியாத நோயா. கர்ப்பிணிக்கும், பிள்ளை பெற்று ஒரு வாரம் ஆகாதவளுக்கும், கடுமையாக நோயுற்றவருக்கும் கொடுக்கக் கூடாது.

என் தெருப் பிள்ளைகளை வைத்து இந்தப் பெண்களுக்குப் பழக்கிக் கொடுத்தேன். செருப்பைக் கழற்றச் சொல்ல மறந்தார்கள். கொண்டையையும் சேர்த்து அளந்தார்கள். ஒரு சிறுவன் குதிகாலைத் தூக்கி நின்றான். அங்கேயும் இதேதான் நடக்கும். வெளியூர்க்காரருக்கு முன்னால் நெட்டையாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. முதுகு கம்பில் படிய, பாதம் தரையில் பதிய, தலைத்துணி இல்லாமல் நிறுத்துங்கள். முடியை உள்ளங்கையால் அழுத்திவிட்டுக் கோட்டைப் பாருங்கள்.

கம்பை வருடா வருடம் நாடா வைத்துச் சரிபார்க்க வேண்டும். என் நான்காவது வருடத்தில் ஓர் ஊரின் கம்பை அடியில் கரையான் அரித்து இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. கம்பு குட்டையானால் கோடுகளும் கீழே இறங்கிவிடும். 90 செ.மீ. எட்டாத குழந்தைகளும் எட்டியதாகக் கணக்காகி, மாத்திரை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். நல்ல வேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு உலக்கைக்குப் போடுவது போல எல்லாக் கம்புகளுக்கும் இரும்புப் பூண் அடித்து, பூணையும் சேர்த்துக் கோடு போடச் சொன்னேன்.

மாத்திரை உங்கள் கையிலிருந்து போகக் கூடாது

நர்சுகளுக்கு இது கஷ்டமான பாடம். நாம் கொடுத்துப் பழகியவர்கள். ஆனால் இந்த வேலையில் மாத்திரையைக் கொடுக்க வேண்டியவர் அந்த ஊர்க்காரர். அவர் யார் என்பதையும் எந்த வாரத்தில் கொடுப்பது என்பதையும் ஊர் கூடித்தான் முடிவு செய்யும். வீடு வீடாகப் போவதா, ஒரே இடத்துக்கு வரச் சொல்வதா என்பதும் அவர்கள் விருப்பமே. ஆப்பிரிக்க நாடுகளில் 1995 முதல் 2015 வரை நடந்த ஆற்றுக்குருடு கட்டுப்பாட்டுத் திட்டம் இந்த முறையில்தான் கோடிக்கணக்கானவர்களைச் சென்றடைந்தது. டாக்டரும் ஜீப்பும் போக முடியாத ஊர்களுக்கு, அந்த ஊரிலேயே இருக்கும் ஒருவரால் முடிந்தது.

முதல் கூட்டத்தில் நீங்கள் கடைசியில் உட்காருங்கள். பெரியவர்களைக் கண்டால் 'ஷிகாமோ' சொல்லுங்கள். அவர்கள் 'மரஹபா' என்று பதில் சொன்ன பிறகுதான் அடுத்த பேச்சு. அங்கே 'மாமா' என்றால் அம்மா, 'டாடா' என்றால் அக்கா. என்னை ஊரே 'டாடா' என்றுதான் கூப்பிட்டது. ஊரார் ஆண்களாகவே இருவரைத் தேர்ந்தெடுத்தால், ஒரு பெண்ணும் இருந்தால் நல்லது என்று மெல்லச் சொல்லுங்கள். நான் கர்ப்பமாக இருக்கிறேன் என்று ஒரு பெண் பக்கத்து வீட்டு ஆணிடம் சொல்லமாட்டாள். வெட்கத்தில் மாத்திரையை வாங்கி விழுங்கிவிடுவாள்.

கூட்டத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: இந்த மருந்து ஏன் சும்மா கிடைக்கிறது? அதன் பின்னால் சந்தேகம் இருக்கும். அடக்காமல் முழுக்கதையையும் சொல்லுங்கள். ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணிலிருந்த நுண்ணுயிரில்தான் இந்த மருந்தின் மூலம் கிடைத்தது. மண்ணை எடுத்தவர் சதோஷி ஒமுரா. அதில் புழுக்கொல்லி இருப்பதை அமெரிக்காவில் மெர்க் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் கண்டவர் வில்லியம் கேம்ப்பெல். 2015இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கால்நடைக்கான மருந்தாக இருந்ததை மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தி, 1981இல் செனெகலில் முதல் சோதனையை நடத்தியவர் வங்காளதேசத்தைச் சேர்ந்த டாக்டர் முகமது அசீஸ். வாங்கச் சக்தியுள்ளவர்களுக்கு இந்த நோய் வருவதில்லை என்று தெரிந்தபின், தேவைப்படும் வரை தேவைப்படும் அளவுக்கு இலவசமாகத் தருவதாக 1987இல் மெர்க் அறிவித்தது. இன்று வரை தருகிறது. அசீஸ் நம் பக்கத்து மண்ணைச் சேர்ந்தவர் என்பதால் இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயரும்.

மாத்திரை வருவதற்கு முன்பு ஈயைத்தான் துரத்தினார்கள். 1974 முதல் மேற்கு ஆப்பிரிக்காவில் ஹெலிகாப்டரில் பறந்து வாரா வாரம் ஆறுகளில் மருந்து தெளித்தார்கள். கரையோர நிலத்தைக் கைவிட்டு ஓடியிருந்த ஜனங்கள் பிறகு திரும்பி வந்து உழுதார்கள். எல்லா இடத்திலும் அது கட்டுப்படியாகாது. மஹெங்கே போன்ற காட்டு மலையில் ஆற்றின்மேல் கவிந்திருக்கும் மரக்கிளைகளுக்கு ஊடே தெளிப்பதும் எளிதல்ல.

நோட்டு

எத்தனை பேர் என்று தெரியாமல் எத்தனை மாத்திரை என்று சொல்ல முடியாது. ஆகவே முதலில் தலை எண்ணுங்கள். வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்தில் பெயர், வயது, ஆணா பெண்ணா, பிறகு வருடத்துக்கு ஒரு கட்டமாகப் பதினைந்து கட்டம். கட்டத்துக்குள் மாத்திரை எண்ணிக்கை. கொடுக்கவில்லையென்றால் காரணத்துக்கு ஒரு குறி: கர்ப்பம், குள்ளம், நோய், ஊரில் இல்லை, வேண்டாம் என்றார். வெறும் கட்டத்தை மட்டும் ஏற்காதீர்கள்.

1,200 பேர் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் கழித்தால் ஏறக்குறைய 1,000 பேர் விழுங்கலாம். சராசரியாக ஒருவருக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவாகப் போகும். 500 மாத்திரை கொண்ட புட்டி ஆறு வேண்டும். நோயை ஒழிக்க வேண்டுமானால் மொத்த ஜனத்தொகையில் 100க்கு 80 பேராவது விழுங்கியிருக்க வேண்டும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். எதை எதனால் வகுக்கிறீர்கள் என்று பாருங்கள். அன்றைக்குக் கூடியிருந்தவர்களில் 100க்கு 98 பேர் விழுங்கினார்கள் என்று ஒருவர் பெருமையாக எழுதுவார். கூடாதவர்கள் எத்தனை பேர்? வகுக்கும் எண் ஊரிலுள்ள எல்லாத் தலைகளும்தான், தொட்டிலில் கிடக்கும் குழந்தை உட்பட.

முதல் வருடம் எனக்கு வந்த நோட்டுகளில் ஒன்றில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே உட்காரலில் எழுதிய கையெழுத்து. ஐந்து வீட்டுக்குப் போய்க் கேட்டேன். இரண்டு வீட்டில் மாத்திரையை யாரும் பார்க்கவே இல்லை. கோபத்தோடு விநியோகிப்பவரைத் தேடிப் போனேன். அவர் மக்காச்சோளக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஊர்க்காரர்கள் வீட்டுக்கு ஒரு படி சோளம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், தரவில்லை. தன் காட்டை விட்டுவிட்டு அவர் எத்தனை நாள் நடப்பார்? அவர் தலையில் கோபத்தைக் கொட்டாமல் ஊர்க்கூட்டத்தில் அந்தச் சோளத்தைப் பற்றிப் பேசினேன். மறு வருடம் நோட்டில் நான்கு விதமான மை இருந்தது, ஒரு பக்கத்தில் உகாலி என்னும் மக்காச்சோளக் களியின் கறையும் இருந்தது. அந்தக் கறையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். நோட்டு வீடு வீடாகப் போயிருக்கிறது.

கொடுக்கும் நாளும் மூன்றாம் நாளும்

மார்ச் முதல் மே வரை பெருமழை. அந்தக் காலத்தை விட்டுவிட்டு, அறுவடை முடிந்து ஜனங்கள் வீட்டில் இருக்கும் வாரத்தை ஊர் தேர்ந்தெடுக்கட்டும். அன்றைக்கு நிழல், குடம் நிறையத் தண்ணீர், டம்ளர்கள், கம்பு, நோட்டு போதும். மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். உங்கள் கண் முன்னால் விழுங்கி, வாய் திறந்து பேசிய பிறகு எழுதுங்கள். "என் கணவருக்கும் சேர்த்துக் கொடுங்கள்" என்று கேட்டால், கணவர் வரட்டும், இல்லையென்றால் நாம் போவோம்.

விழுங்கும் முன்பே பின்விளைவைச் சொல்ல வேண்டும். இதை மறைத்தால் அடுத்த வருடம் யாரும் வரமாட்டார்கள். குஞ்சுகள் சாகும்போது அரிப்பு கூடும். முகம், கை, கால் வீங்கலாம். காய்ச்சல், தலைவலி, மூட்டுவலி வரலாம், எழுந்தால் தலை சுற்றலாம். பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் வந்து போய்விடும். யாருடைய உடம்பில் குஞ்சு அதிகமோ அவருக்குக் கூடுதலாக வரும், வருடத்துக்கு வருடம் குறையும். பாரசிட்டமாலும் அரிப்புக்கான குளோர்பெனிரமைனும் விநியோகிப்பவரின் பையில் இருக்கட்டும். தலைசுற்றல் வந்தால் உடனே படுக்க வைக்கச் சொல்லுங்கள். மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் ஆஸ்பத்திரிக்கு. போன பார்வை இந்த மாத்திரையால் திரும்பாது என்பதையும் நேராகச் சொல்லிவிடுங்கள். கண் தெரியாத ஒரு தாத்தா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும்போது சொல்வது கடினம். ஆனாலும் சொல்ல வேண்டும். உங்கள் பேரனுக்கு இப்படி ஆகாமலிருக்கத்தான் நீங்களும் விழுங்குகிறீர்கள் என்று சொல்வேன். பலர் அதைக் கேட்டு டம்ளருக்குக் கை நீட்டினார்கள்.

மூன்றாம் நாள் கட்டாயம் அந்த ஊருக்குத் திரும்பப் போங்கள். ஏழு வருடமாக மாத்திரை வேண்டாம் என்ற ஒரு பெரியவர் இருந்தார். அவர் சொன்னால் சுற்றியிருந்த ஆறு வீடுகளும் கேட்டன. நான் எத்தனையோ விளக்கங்கள் சொல்லிப் பார்த்தேன், பயனில்லை. ஒருநாள் நான் ஒன்றும் சொல்லாமல் அவர் திண்ணையில் உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார். முதல் வருடம் விழுங்கியதும் முகம் வீங்கி இரண்டு நாள் கண்ணைத் திறக்க முடியவில்லையாம். குருடாகிவிட்டோம் என்றே நினைத்தாராம். "வீங்கியதற்காக நான் மறுக்கவில்லை, டாடா. மருந்து கொடுத்தவர்கள் யாரும் வந்து பார்க்கவில்லை" என்றார். அந்த வருடம் அவர் விழுங்கினார். மூன்று நாளும் காலையில் போய் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் வீங்கியிருக்கவில்லை. இருந்தும் போனேன்.

விடுபட்டவர்கள்

ஊரில் இருந்தவர்களுக்குக் கொடுத்து முடித்தால் எளிதான பாதி முடிந்தது. நோய் உயிரோடு இருப்பது மீதிப் பாதியில்தான். நோட்டை எடுத்து, குறி போட்ட கட்டங்களை மட்டும் வாசியுங்கள். கிலோம்பெரோ சமவெளியின் நெல்வயலில் குடிசை போட்டு மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் உண்டு. அந்த வயல்காட்டை 'ஷம்பா' என்பார்கள். கரி சுடுகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் என்று ஒவ்வொரு கூட்டமாகத் தெரிவார்கள். ஆற்றோரம் பகல் முழுதும் ஈக்கடி படுகிறவர்களும் இவர்களே. இவர்களை விட்டுவிட்டு ஊர் நடுவே 100க்கு 90 பேருக்குக் கொடுத்தாலும் ஈக்குக் குஞ்சு கிடைத்துக்கொண்டே இருக்கும். ஷம்பாவுக்கு நடங்கள். விடியற்காலையில் போனால் வேலைக்கு இறங்கும் முன் பிடித்துவிடலாம்.

கர்ப்பம் என்று குறி போட்ட பெண்கள் இன்னொரு வரிசை. ஒரு பெண்ணின் பக்கத்தைக் குறுக்காகப் பார்த்தேன். ஐந்து வருடத்தில் மூன்று முறை கர்ப்பம் என்ற குறி, ஒரு முறை பிள்ளை பெற்று நான்கு நாள். விநியோகம் எப்போதும் ஒரே மாதத்தில் நடந்ததால் அந்த நான்கு முறையும் அவளுக்கு மாத்திரை போய்ச் சேரவில்லை. விதிப்படி யாரும் தவறு செய்யவில்லை. ஆனாலும் அவள் இரவெல்லாம் சொறிந்துகொண்டுதான் இருந்தாள். பிரசவத் தேதியை அந்தக் கட்டத்துக்குள் சின்னதாக எழுதி வைத்து, பிள்ளைக்குத் தடுப்பூசி போட அவள் ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் மாத்திரையைக் கொடுங்கள். நோட்டை வைத்துக்கொண்டு ஒரு நர்சால் மட்டும் செய்யக்கூடிய காரியம் இது.

வலிப்பு வரும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலிப்பைச் சுவாஹிலியில் 'கிஃபாஃபா' என்பார்கள். ஆற்றுக்குருடு கடுமையாக உள்ள இடங்களில் வலிப்பும் அதிகம் என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. தலை தானாக ஆடத்தொடங்கும் குழந்தைகளைப் பற்றி, 1960களில் மஹெங்கேயில் சிகிச்சை நடத்திய லூயிஸ் யிலெக்-ஆல் என்ற நார்வே டாக்டர் எழுதினார். எச்சில் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து அந்தப் பிள்ளைகளுக்குத் தனித் தட்டு வைப்பார்கள், பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அடுப்பில் விழுந்த தழும்புள்ள பிள்ளைகளை நீங்கள் பார்ப்பீர்கள். வீட்டின் பின்கட்டில் இருப்பதால் எண்ணிக்கையிலும் விடுபடுவார்கள். தலை எண்ணும்போது, "இன்னொரு பிள்ளை இருக்கிறதா?" என்று கடைசியாக ஒருமுறை கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஐவர்மெக்டினும் வேண்டும், வலிப்பு மாத்திரையும் வேண்டும். வலிப்பு மாத்திரை நிற்காமல் கிடைக்க ஆஸ்பத்திரியில் நீங்கள் சண்டை போட வேண்டியிருக்கும். போடுங்கள். நான் அந்தப் பிள்ளைகளின் வீட்டில், அதே தட்டிலிருந்து உகாலி எடுத்துச் சாப்பிட்டேன். எந்தச் சொற்பொழிவையும்விட அது அந்த வீட்டில் வேலை செய்தது.

எப்போது நிறுத்துவது

உங்கள் காலத்தில் இந்தக் கேள்வி வரலாம். அரிப்பு குறைந்துவிட்டது, இனி எதற்கு என்பார்கள். நிறுத்துவதை நீங்களோ ஊரோ முடிவு செய்ய முடியாது. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விரல்நுனி இரத்தத்தை வடிதாளில் எடுத்து ஓவி16 என்ற புழுப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஈக்களைப் பிடித்தும் சோதிப்பார்கள். நிறுத்திய பிறகும் மூன்று முதல் ஐந்து வருடம் கண்காணிப்பு உண்டு. கொலம்பியா 2013இல் இந்த வழியைக் கடந்தது. பிறகு எக்வடோர், மெக்சிகோ, 2016இல் குவாத்தமாலா. ஆப்பிரிக்காவில் முதலாவதாக நைஜர் 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் அல்சூர் ஏரியை இரண்டு சுற்று நடந்தேன். வீட்டுக்குள் உட்கார முடியவில்லை.

உங்கள் உடம்பையும் பாருங்கள். ஆற்றோரம் போகும்போது வெளிர்நிற முழுக்கைச் சட்டையும் கால் மூடும் உடையும் அணியுங்கள். ஊர்க்காரர்களோடு வரிசையில் நின்று நீங்களும் மாத்திரை விழுங்கலாமா என்று அங்குள்ள டாக்டரைக் கேட்டு விழுங்குங்கள். ஊர் திரும்பி ஒரு வருடத்துக்குப் பிறகு காரணமில்லாத அரிப்பு வந்தால், எங்கே வேலை செய்தீர்கள் என்பதை இங்குள்ள டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அவர் தானாக நினைக்கமாட்டார்.

விநியோகம் முடிந்ததும் காலிப் புட்டிகளையும் மிச்ச மாத்திரைகளையும் எண்ணி நோட்டோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் அன்றைக்கே விநியோகிப்பவரோடு உட்கார்ந்து கண்டுபிடியுங்கள், மறுநாளுக்கு வைக்காதீர்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் அடுத்த வருடத்துக்கான கட்டத்தின் தலையில் வருடத்தை எழுதிவிட்டு நோட்டை மூடுங்கள்.

கம்பை விமானத்தில் ஏற்றமாட்டார்கள், இங்கே என் கதவுக்குப் பின்னாலேயே இருக்கட்டும். அங்கே மூங்கில் கிடைக்கிறது. நாடாவை மட்டும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள், ஆளுக்கு இரண்டு.